பாவற்காய்க்கு எதிராக ஒரு பெட்டிசம்

நேசமலருக்கு எதைக் கண்டாலும் இடம் போட்டாக வேண்டும். வெள்ளவத்தை மார்க்கெட்டில் மீன் விற்கிற ஐந்து பேரில் யார் முதலாம் பிள்ளை, யார் கடைசிப் பிள்ளை என்று அவளிடம் பட்டியல் இருந்தது. ஒழுங்கை முனையில் நிற்கும் ஆட்டோக்காரர்களுக்கு ஒரு பட்டியல். கல்யாண வீட்டுச் சாப்பாடுகளுக்கு ஒரு பட்டியல். சொந்தத்திலும் சுற்றத்திலும் மாமியார்கள் ஏழு பேர் இருந்தார்கள். அந்த ஏழு பேர் எழுதிய சோதனையில் அவளுடைய மாமியார் எட்டாம் பிள்ளை.

வேலை அப்படிப்பட்டது. தொண்ணூற்றாறாம் ஆண்டு கோப்பாயை விட்டுக் கொழும்புக்கு வந்த நாள் முதல், இராஜநாயகம் மாஸ்டரின் ரியூசன் சென்ரரில் மார்க் பட்டியல் அடிப்பது அவள்தான். வெள்ளிக்கிழமை சோதனை, திங்கட்கிழமை பட்டியல். பட்டியல் சுவரில் ஒட்டப்படும்போது கூடி நின்று அழுகிற தாய்மாரை அவள் பதினொரு வருடமாகப் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தபடியே, அழுகையிலும் யார் முதலாம் இடம் என்று மனதுக்குள் குறித்துக்கொள்வாள்.

ஆனால் அவளுக்கும் அழுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தின் பெயர் கனகசபாபதி. அவள் கழுத்தில் தாலி கட்டியவர்.

கனகசபாபதி யாழ்ப்பாணத்துத் தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் கடிதம் பிரித்தவர். கையெழுத்தின் சாய்வைப் பார்த்தே கடிதம் புங்குடுதீவுக்கா புலோலிக்கா என்று சொல்லக்கூடியவர். அந்த மனிதர் இரண்டு வருடமாகக் கொஞ்சங் கொஞ்சமாக மறக்கத் தொடங்கியிருந்தார். முதலில் கண்ணாடியை மறந்தார். பிறகு கிழமையை. பிறகு, அவள் நெஞ்சு வெடிக்கும்படி, தாங்கள் கொழும்பில் இருப்பதையே மறந்தார். டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்து, "இது கூடாமல் பாக்கலாம், திருப்பேலாது" என்று சொல்லிவிட்டார்.

வேறு காலமாக இருந்தால் மறதியோடும் குடும்பம் நடத்தலாம். இது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. காலி வீதியில் நூறு யார் தூரத்துக்கு ஒரு சோதனைச் சாவடி. தைப்பொங்கல் கழிந்த மாதம் ஒரு நாள், பாண் வாங்கப் போன கனகசபாபதியை மறித்த பொலிஸ்காரர் விலாசம் கேட்டார். அவர் மிகுந்த மரியாதையோடு, "கந்தசாமி கோயிலடி, கோப்பாய் தெற்கு, கோப்பாய்" என்று சொன்னார். கோப்பாயிலிருந்து எப்போது வந்தாய், ஏன் வந்தாய், யார் அனுப்பியது? அந்தக் கேள்விகளுக்கும் அவரிடம் புன்னகைதான் இருந்தது. மூன்று மணி நேரம் நிலையத்து வாங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். இராஜநாயகம் மாஸ்டர் பதிவுத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கூட்டிவந்தார். அனுப்பும்போது அங்கிருந்த பெரிய அதிகாரி ஒன்று சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் பதினேழாந் திகதி வீடு வீடாகப் பதிவு பார்க்க வருவோம். ஒவ்வொருவரும் தன் வாயாலேயே பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும். அப்போதும் இந்த ஐயா கோப்பாய் என்று சொன்னால், விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டி வரும்.

விசாரணைக்கு! குளிசையின் பெயரைக் கூடச் சொல்லத் தெரியாத மனிதரை!

நேசமலர் அன்றிலிருந்து அவருக்குப் பாடம் நடத்தினாள். "இஞ்சாருங்கோ, எங்க சொல்லுங்கோ, இருபத்தி மூண்டின் கீழ் நாலு, ஹெர்பர்ட் லேன், கொழும்பு ஆறு."

"அது ஆற்ற விலாசம், மலர்?"

"எங்கட."

"நல்ல விலாசம்," என்பார் அவர். "சுருக்கமா இருக்கு. கடிதம் பிழைக்காது."

அடுத்த நிமிடம் கேட்டால் கோப்பாய் தெற்குதான்.

இந்த நிலையில்தான் சிவானந்தன் வந்து சேர்ந்தான். அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிற பிள்ளை, பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கிறவன், முப்பத்து மூன்று வயதிலும் சேட்டைக் காற்சட்டைக்குள்ளே விடத் தெரியாதவன். இராஜநாயகம் மாஸ்டரின் ஐந்து கணினிகளும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் காலை வேளைகளில் சும்மா கிடப்பதை அறிந்து, தன் ஆராய்ச்சிக்கு அவற்றைக் கேட்டு வாங்கியிருந்தான். வருகிற முடிவுகளை அட்டவணையில் போட்டுத் தர ஒரு கை வேண்டும் என்றான். நேசமலர் தலையாட்டினாள். தனியே விட்டுப் போகப் பயந்து கனகசபாபதியையும் காலையில் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்ன ஆராய்ச்சி தம்பி?"

"மறதி நோய்க்கு மரஞ்செடியளுக்குள்ள மருந்து தேடுறது, அன்ரி."

நேசமலர் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். நல்லூர்க் கந்தனே நேரில் வந்து, சேட்டை வெளியே விட்டபடி நிற்பதாக அவளுக்குப் பட்டது.

"விளங்கச் சொல்லு."

"மூளைக்குள்ள ஞாபகத்துக்கு உதவுற ஒரு இரசாயனம் இருக்கு. அதை வெட்டித் தள்ளுறதுக்கெண்டே ஒரு நொதியமும் இருக்கு. சாதாரண ஆக்களுக்கு அதால கரைச்சல் இல்லை. மறதி நோய்க்காரருக்கு அந்த இரசாயனமே குறைவு. அந்தக் குறைஞ்சதையும் இவர் வெட்டினால்?"

"அவரை முதல்ல வகுப்பால வெளியில விடவேணும்."

"வெளியில விடேலாது. வாயை அடைக்கலாம். அந்த நொதியத்தில ஒடுக்கமா ஒரு பள்ளம் இருக்கு. அதுக்குள்ள பொருந்தி இருக்கிற பொருள் ஒண்டைக் கண்டுபிடிச்சால் வெட்டுற வேலை நிக்கும். முப்பத்தெட்டு மரஞ்செடியில இருந்து இருநூற்றிப் பதினாலு பொருள் எடுத்திருக்கிறன். ஒவ்வொண்டா ஆய்வுகூடத்தில பாக்க என்ர ஆயுள் காணாது. அதுதான் ரெண்டின்ர உருவத்தையும் கொம்பியூட்டருக்குள்ள போட்டு, திருப்பித் திருப்பி வைச்சுப் பாக்கச் சொல்லுறன். பொருத்தத்துக்கு அது ஒரு மார்க் போடும்."

மூலையில் கதிரையில் இருந்த கனகசபாபதி நிமிர்ந்தார்.

"கடிதம் பிரிக்கிறது," என்றார்.

"என்ன ஐயா?"

"அறை ஒண்டு. கடிதம் இருநூற்றிப் பதினாலு. எது மடியாமல் கிழியாமல் அந்த அறைக்குள்ள போகுது எண்டு பாக்கிறீர். அவ்வளவுதானே?"

சிவானந்தன் வாயைப் பிளந்தான். "நாலு வருசமா நான் படம் கீறி விளங்கப்படுத்தினதை ஐயா ஒரு வசனத்தில சொல்லிப்போட்டார், அன்ரி!"

கனகசபாபதி மனம் குளிர்ந்து சிரித்தார். பிறகு மனைவியின் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்: "தம்பி ஆர்?"

எட்டு நாள் ஐந்து கணினிகளும் மூச்சு வாங்கின. எட்டாம் நாள் சிவானந்தன் ஒரு பயிற்சிக்காக மூன்று கிழமை பேராதனைக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "எல்லாத்தையும் ஒரு அட்டவணையில போட்டு வையுங்கோ அன்ரி, வந்து பாக்கிறன்," என்று சொல்லி, அவசரத்துக்கென்று பேராதனை விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்துவிட்டு ஓடினான். பொருத்தத்துக்கு மார்க் போடும் என்று சொன்னவன், அந்த மார்க்கை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்று சொல்ல மறந்துவிட்டான். மறதி கனகசபாபதிக்கு மட்டும் சொந்தமில்லை. துண்டை நேசமலர் வீட்டுக் கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அன்று மத்தியானம் அவள் பட்டியல் போட்டாள். பதினொரு வருடமாகப் போடுகிற அதே முறையில்: கூடிய மார்க் மேலே, குறைந்த மார்க் கீழே.

போட்டு முடித்ததும் திகைத்துப் போனாள். இருநூற்றிப் பதினாலு பேரில் ஆறு பேர்தான் பூச்சியத்துக்கு மேலே! மிச்சம் எல்லாம் மைனஸ். மஞ்சள் மைனஸ் எட்டு. ஊரெல்லாம் ஞாபகசக்திக்கென்று பிள்ளைகளுக்கு அரைத்துக் கொடுக்கிற வல்லாரை மைனஸ் ஏழு. இராஜநாயகம் மாஸ்டர் ஆயிரம் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறார், ஒருவனுக்காவது மைனஸ் போட்டதில்லை. முழு வகுப்பும் இப்படிப் பெயிலாகியிருந்தால் இன்று சுவரடியில் எத்தனை தாய்மார் மயங்கி விழுந்திருப்பார்கள்! எல்லோருக்கும் கடைசி, மைனஸ் பத்துக்கும் கீழே, கறிவேப்பிலை.

முதலாம் பிள்ளைக்கு மைனஸ் அல்ல, பிளஸ்: சக நாற்பத்தொன்று தசம் ஆறு. தூரத்தில் வந்த இரண்டாம் பிள்ளைக்குப் பதினெட்டுத்தான்.

பாவற்காய்.

நேசமலர் கண்களை மூடிக்கொண்டாள். எத்தனை வருடம் அந்தக் காயை அவர் சாப்பிட மாட்டார் என்று வாங்காமலே விட்டிருக்கிறாள்! மருந்து மார்க்கெட்டில் குவிந்து கிடக்க, மனிதர் இங்கே மறந்து கொண்டிருக்கிறார். பதினேழாந் திகதிக்கு இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், பையை எடுத்தாள், நடந்தாள்.

மாளிகாவத்தையிலிருந்து வந்து மார்க்கெட்டில் மரக்கறி விற்கிற கைருன்னிஸா, அவளுடைய மரக்கறிப் பட்டியலில் நிரந்தர முதலாம் பிள்ளை.

"பாவக்காயா?" என்றாள் கைருன்னிஸா. "ஒங்கட ஐயாவுக்கு அது கண்ணுல காட்டப்படாதெண்டு நீங்கதானே சென்ன?"

"இனிக் காட்டவேணும். ஒவ்வொரு நாளும் வேணும்."

"ஒவ்வொரு நாளுமா! என்னக்கா, ஏதும் கோவமா?"

"கொம்பியூட்டர் சொன்னது," என்று நேசமலர் குரலைத் தாழ்த்தினாள். "ஞாபகசக்திக்கு. ஆருக்கும் சொல்லிப்போடாதை."

கைருன்னிஸா யாருக்கும் சொல்லவில்லை. தன்னிடம் மரக்கறி வாங்குகிற ஆட்களுக்கு மட்டும் சொன்னாள். நேசமலரும் யாருக்கும் சொல்லவில்லை. இராஜநாயகம் மாஸ்டருக்கும் பக்கத்து வீட்டுச் சரோஜினிதேவி ரீச்சருக்கும் மட்டும், சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். ஒரு கிழமைக்குள் ஹெர்பர்ட் லேனில் மத்தியான வேளையில் வேறு வாசனையே எழவில்லை. மாஸ்டர் உயர்தர வகுப்புக்குள் நுழையும் ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் மறித்து ஒரு மிடறு பாவற்காய்ச் சாறு பருக்கினார். பின்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் ரியூசனை மாற்றிக்கொண்டார்கள். காலை எட்டு மணிக்கே கைருன்னிஸாவின் கூடை காலி.

வீட்டில் நடந்ததுதான் பெரிய யுத்தம். காலையில் சாறு. மத்தியானம் பால்கறி. பின்னேரம் பொரியல். முதல் நாள் கனகசபாபதி ஒரு வாய் வைத்துவிட்டு மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் முப்பது வருடத் தாம்பத்தியம் முழுவதும் நின்று கண்ணீர் விட்டது.

"மலர், நான் உமக்கு என்ன பிழை செய்தனான்?"

"சாப்பிடுங்கோப்பா. உங்கட நன்மைக்குத்தான்."

"ஆர் சொன்னது?"

"மேல்மாடிச் சிவானந்தன்தம்பியின்ர கொம்பியூட்டர். உதுதான் முதலாம் பிள்ளை. கறிவேப்பிலை கடைசி."

"கறிவேப்பிலை கடைசியோ?" அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. வாழ்நாள் முழுக்கக் கறிவேப்பிலையைப் பொறுக்கிக் கோப்பை விளிம்பில் ஒதுக்கிய மனிதர். "அது மெத்தச் சரி. பாவற்காயிலதான் மிசினுக்குப் பிழைச்சிருக்கு."

இரண்டாம் நாள் அவர் கத்தினார். மூன்றாம் நாள் கோப்பையைத் தள்ளினார். நான்காம் நாளிலிருந்து பேசாமல் சாப்பிட்டார். நேசமலருக்கு நெஞ்சு நிறைந்தது. மருந்து பிடிக்கிறது! இன்னும் சில அடையாளங்களும் கண்டாள். அவர்மேல் ஒரு கண் வைக்கும்படி சரோஜினிதேவி ரீச்சரிடம் சொல்லிவிட்டு ரியூசனுக்குப் போய், பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அவருடைய ஆட்காட்டி விரலில் மைக்கறை இருந்தது. அலுமாரித் தட்டில் இருந்த கடித உறைகள் குறைந்து வந்தன. ஒரு நாள் வாசலில் தபால்காரர் ஒஸ்வால்ட்டோடு நின்று இரகசியம் பேசியவர், அவளைக் கண்டதும் வானத்தைப் பார்த்தார்.

"என்ன கதை?"

"உத்தியோகக் கதை," என்றார் கனகசபாபதி.

பாடம் மட்டும் நடக்கவில்லை. விலாசம் கேட்டால், "உமக்குச் சொல்ல மாட்டன். நீர் பாவற்காய்க் கட்சி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேசமலர் நாட்களை எண்ணினாள். பதினெட்டு. பத்து. மூன்று. மருந்து உள்ளே இறங்கி வேலை செய்கிறதா என்று அவருடைய கண்ணுக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தொன்று தசம் ஆறு என்று கந்தசஷ்டி கவசம் போல முணுமுணுத்துக்கொண்டாள்.

பதினேழாந் திகதி விடிந்தது. காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. பொலிஸ் என்று ஓடித் திறந்தால், வாசலில் சிவானந்தன். பஸ்ஸில் வந்த களைப்பு. சேட்டு வழக்கம் போல வெளியே. கையில் ஒரு சொப்பிங் பை.

"அன்ரி, அந்தப் பட்டியலை எப்பிடிப் போட்டனீங்கள்?"

"எப்பவும் போடுற மாதிரித்தான். கூடின மார்க் மேல."

சிவானந்தன் கதிரையில் தொப்பென்று விழுந்தான். "இப்ப நான் இதில விழுந்தன். கதிரை சரியாப் பொருந்தினால் ஆள் கீழ இறங்கி, ஆறி இருப்பார். பொருந்தாட்டில் ஒரு குண்டி மேல தூக்கிக்கொண்டு நிக்கும். கொம்பியூட்டர் அளக்கிறது அந்த இறக்கத்தைத்தான். எவ்வளவு கீழயோ அவ்வளவு நல்லது. மைனஸ் பத்துத்தான் முதலாம் பிள்ளை!"

"அப்ப... சக நாற்பத்தொண்டு?"

"பாவற்காய்ப் பொருள் சரியான பெரிசு அன்ரி. அந்தப் பள்ளத்துக்குள்ள தலையைக்கூட நுழைக்கேலாது. அதுதான் உள்ளதுக்குள்ளயே கடைசி."

நேசமலர் விரல் விட்டு எண்ணினாள். இருபத்தொரு நாள்! அறுபத்து மூன்று வேளை! கடைசிப் பிள்ளையை முதலாம் பிள்ளை என்று நம்பி, கட்டிய கணவனின் தொண்டைக்குள் தள்ளியிருக்கிறாள். சுவரில் பட்டியலைக் கண்டு அழுகிற தாய்மாரின் அழுகை அத்தனையும் ஒன்றாகத் திரண்டு அவளிடம் வந்து சேர்ந்தது.

"அவருக்குக் கறிவேப்பிலையாவது இப்ப குடுக்கலாமோ தம்பி? பொலிஸ் இன்னும் வரேல்லை."

"ஐயோ அன்ரி, முதலாம் பிள்ளை எண்டாலும் அது மருந்தில்லை. எந்தக் கடிதத்தை உடைச்சு வாசிக்கலாம் எண்டு மட்டும்தான் கொம்பியூட்டர் சொல்லும். வாசிச்சு, ஆய்வுகூடத்தில பாத்து, எலியில பாத்து, ஆக்களில பாத்து... பதினைஞ்சு வருசம் போகும். அதிலும் கனக்கக் கடிதத்துக்குள்ள ஒண்டும் இராது."

"பதினைஞ்சு வருசம்," என்றாள் நேசமலர். கீழே ஜீப் ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. "உமக்கு ஆர் சொன்னது நான் பிழை விட்டிட்டன் எண்டு?"

"ஐயாதான்," என்று சிவானந்தன் பையைத் தூக்கி மேசையில் கவிழ்த்தான்.

கடிதங்கள் கொட்டின. பதினெட்டுக் கடிதங்கள். எல்லாம் ஒரே கையெழுத்து, நேசமலருக்குக் கலியாணத்துக்கு முன்பே தெரிந்த கையெழுத்து. ஒன்றை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் படியில் சப்பாத்துச் சத்தம் ஏறி வந்துவிட்டது.

சப் இன்ஸ்பெக்டர் ஒருவர், கையில் பெரிய கொப்பியோடு ஒரு கொன்ஸ்டபிள். முதலில் நேசமலரின் பெயர், பிறகு சிவானந்தனின் பெயர். அதன் பிறகு இன்ஸ்பெக்டர் கனகசபாபதியின் பக்கம் திரும்பினார்.

"நம மொகத்த?"

"வேலுப்பிள்ளை கனகசபாபதி," என்றார் அவர், தெளிவாக.

"லிபினய?"

விலாசம். நேசமலரின் வாய் தானாகத் திறந்தது. "இருபத்தி..."

"நோனா கதா கரன்ன எபா," என்று கொன்ஸ்டபிள் கையைக் காட்டினார். வாயை மூடிக்கொண்டாள்.

கனகசபாபதி யன்னலைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். அவருடைய உதடு 'கோ' என்று குவிவதை நேசமலர் கண்டாள். காலி வீதியில் ஓடிய பஸ்கள் எல்லாம் நின்றுபோயின. கடல் ஒரு அலையைத் தூக்கியபடியே கரையில் போடாமல் காத்திருந்தது. கந்தனே, அந்தக் 'கோ'வை விழுங்கச் செய்!

அவர் தன் இடது கையை உயர்த்தினார். ஒரு உறையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பவர் போல உள்ளங்கையைத் திருப்பினார். ஒன்றும் எழுதியிராத புறங்கையைப் பார்த்து வாசித்தார்:

"அனுப்புபவர், வே. கனகசபாபதி, இலக்கம் இருபத்தி மூண்டின் கீழ் நாலு, ஹெர்பர்ட் லேன், கொழும்பு ஆறு."

கடல் அலையைக் கீழே போட்டது.

இன்ஸ்பெக்டர் கொப்பியோடு ஒப்பிட்டுத் தலையசைத்தார். ஆனால் போகவில்லை. ஒரே ஆளுக்கு ஒரே வீட்டிலிருந்து இத்தனை தமிழ்க் கடிதமா என்று அவர் கண் மேசையில் நிலைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த ஒன்றை உருவினார். அதன் பின்பக்கத்தில், ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில், கோப்பாய் தெற்கு என்று இருந்தது. அதன் மேல் வேறொரு கை கோடு இழுத்து, ஹெர்பர்ட் லேன் என்று எழுதியிருந்தது.

"மே மொகத்த?" இது என்ன? குரல் மாறியிருந்தது.

"முத்திரையைப் பாருங்கோ மாத்தயா," என்றார் கனகசபாபதி அமைதியாக. முப்பத்திரண்டு வருட உத்தியோகம் அந்தக் குரலில் எழுந்து நின்றது. "விலாசம் ஆரும் எழுதலாம். தபால் முத்திரை பொய் சொல்லாது. எல்லாம் வெள்ளவத்தையில குத்தினது. ஒவ்வொரு நாளும். நான் இஞ்சதான் இருந்தனான்."

தமிழ் தெரிந்த கொன்ஸ்டபிள் அதை மொழிபெயர்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரின் உத்தரவில் கடிதத்தைப் பிரித்து, எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார்.

"கனம் ஐயா அவர்கட்கு. பாவற்காய் தொடர்பாக. மேற்படி விடயம் சம்பந்தமாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், தங்கள் இயந்திரம் மேற்படி காய்க்கு முதலாம் இடம் வழங்கியதன் காரணமாக, எனது பாரியார் நேசமலர் என்பவர் அடியேனுக்குத் தினமும் மூன்று வேளை அதனை ஊட்டி வருகிறார். மேற்படி நேசமலர் நல்லவர். தவறு இயந்திரத்தினுடையது. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து மேற்படி காயை வகுப்பிலிருந்து நீக்கி..."

கொன்ஸ்டபிளுக்கு மேலே வாசிக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து, இடைக்கிடை சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். "கறவில சேர், கறவில! தவசட துன் பாரக்!" பாவற்காய், ஒரு நாளைக்கு மூன்று தடவை! இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். தன் வீட்டிலும் அதே கதை, சீனி வருத்தத்துக்கென்று மனைவி தருகிறாள், என்று சிங்களத்தில் சொன்னார். கனகசபாபதியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

ஜீப் போன பிறகுதான் நேசமலர் உட்கார்ந்தாள். மார்க் பட்டியல் அடிக்கிறவள் அல்லவா? கடிதங்களைத் திகதிப்படி அடுக்கினாள். முன்பக்கத்தில், அவள் கலண்டருக்குப் பின்னால் செருகிய துண்டில் இருந்த அதே பேராதனை விலாசம். எல்லாவற்றையும் பின்பக்கம் திருப்பி வைத்தாள். முதல் மூன்றிலும் கோப்பாய்; ஒஸ்வால்ட் வெட்டித் திருத்தியிருந்தார். நான்காவதில் ஒஸ்வால்ட்டின் கையெழுத்து மட்டும். ஏழாவதில் கணவரின் எழுத்து, ஆனால் கொழும்பு ஏழு. பத்தாவதில் கொழும்பு ஆறு. அதற்குப் பிறகு ஒரு பிழை இல்லை.

"ஒவ்வொரு நாளும் என்னட்டக் கேப்பாருங்க மிஸ்," என்று அன்று தபாலோடு வந்த ஒஸ்வால்ட் ஒப்புக்கொண்டார். "'தம்பி, நான் எங்க இருக்கிறன்'னு. நான் சொல்லுவேன், அவரு எழுதுவாரு. நான் சும்மா வாங்கிட்டுப் போறேன்னாலும் விட மாட்டாரு. அனுப்புற ஆளோட விலாசம் இல்லாத கடிதம் அநாதைன்னு ஏசுவாரு. பெறகு பத்துப் பதினொரு நாளா என்னக் கேக்கவே இல்ல."

நேசமலர் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று ஒரு பாட்டம் அழுது முடித்தாள். பிறகு பட்டியலைத் திருப்பிப் போட்டுச் சிவானந்தனிடம் கொடுத்தாள். கறிவேப்பிலை முதலாம் பிள்ளையாயிற்று. அன்று மத்தியானம் அந்தச் செய்தியைக் கேட்ட கனகசபாபதி கோப்பை விளிம்பைச் சோகமாகப் பார்த்தார்.

"இதுக்கும் பெட்டிசம் போடவேணுமோ மலர்?"

மறதி நிற்கவில்லை. அடுத்த மாதம் அவர் சிவானந்தனை இரண்டு முறை 'தம்பி ஆர்' என்று கேட்டார். மழைக்காலத்தில் ஒரு நாள் அவளையே மரியாதையாக, "நீங்கள் இந்த வீட்டில இருக்கிறனீங்களோ?" என்று விசாரித்தார். அன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பின்னேரம் அலுமாரியைத் திறந்து, தபால் போகாமல் மிஞ்சியிருந்த மூன்று கடிதங்களில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாசித்தார். 'எனது பாரியார் நேசமலர் என்பவர்' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மேற்படி நேசமலர் நீர்தானே?"

"ஓம். நான்தான் மேற்படி."

"பாவற்காய் இன்னும் தாறீரோ?"

அவள் கடிதத்தை வாங்கி மடித்துத் திரும்ப அலுமாரியில் வைத்தாள்.

அடுத்த நாள் காலை மார்க்கெட்டில் கைருன்னிஸா அவளைக் கண்டதும் பாவற்காய்க் கூடையைச் சாக்கால் மூடினாள். "கொம்பியூட்டர் பிழையாம், அது கடசியாமே! இத்தன மாசமாகியும் சரோஜினி ரீச்சர் வந்து எனக்கு ஏசிட்டுப் போறாங்க. இனி யாரும் இத வாங்க வர மாட்டாங்க அக்கா."

நேசமலர் சாக்கை விலக்கினாள். வழியில் தபால் கந்தோரில் வாங்கிய உறைக் கட்டும் தபால் முத்திரைகளும் அவள் பையில் பத்திரமாக இருந்தன.

"அரைக் கிலோ போடு," என்றாள். "நல்ல கசப்பாப் பாத்து."